சாலம்மா திரும்பி வரல

நெல்லிவாசல்நாடு,
புதன்கிழமை.

அன்புள்ள காவியாவுக்கு உன் நாத்தனார் குப்பம்மா எழுதறது.

மொதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். போன ஞாயித்துக்கிழமை செங்கத்துல சினிமா கொட்டாயிலருந்து என்னை வெளிய அனுப்பிட்டாங்க. கையைப் புடிச்சு இழுத்தெல்லாம் அனுப்பல. டிக்கெட் கிழிக்கற சிங்காரம்னு ஒருத்தரு டார்ச் அடிச்சிக்கினு வந்து, அக்கா, கொஞ்சம் வெளிய வந்து திட்டுங்க, உள்ள ஜனங்க படம் பாக்கறாங்கன்னு மரியாதையாத்தான் சொன்னாரு. நானும் மரியாதையா வெளிய போயி மிச்சத்தைத் திட்டினேன். நாப்பத்தேழு வயசுல எனக்கு இப்படி ஒரு பேரு.

உன் கையி எப்படி இருக்குது? ஓசூர்ல குளிரு ஜாஸ்தின்னு அங்கருந்து லீவுல வந்த நதியா சொன்னா. மணிக்கட்டு வலிச்சா சும்மா இருக்காதே, கம்பெனி நர்ஸம்மாகிட்ட காட்டு. ஆஸ்டல்ல வயிறாரத் துன்றியா? இங்க எல்லாரும் சொகம். உன் செவலை மாடு காளைக்கன்னு போட்டுது. மூஞ்சி அப்படியே உன் மாமியார் கெங்கம்மா ஜாடைன்னு சொல்லிட்டேன். பெத்த பொண்ணுன்னும் பாக்காம எங்கம்மா ரெண்டு நாளா என்கூடப் பேசல. வூடு நல்லா அமைதியா இருக்குது.

இப்ப சங்கதிக்கு வர்றேன். நம்ம 'ஒரு மூட்டை சாமை' புஸ்தகத்தைப் படமா எடுத்துட்டாங்கடி. 'மாங்கல்ய மலை'ன்னு பேரு வெச்சிருக்கானுங்க. பேரைக் கேட்டதும் எனக்கு ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல.

நீ கல்யாணமாகி வந்த வருஷம், புளி தட்டறப்ப அந்தப் புஸ்தகத்தைப் படிச்சிக் காட்டினியே, ஞாபகம் இருக்குதா? அதுல சாலம்மா வர்ற எடத்துல எல்லாம் நான் சுத்தியலைக் கீழ வெச்சிடுவேன். அந்த வருஷம் நம்ம வூட்டுப் புளியிலதான் கொட்டை ஜாஸ்தின்னு வியாபாரி கத்தினான். நீ போன பின்னால அதை நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, பதினோரு மாசம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச கதைப் புஸ்தகம் அது ஒண்ணுதான். அதையும் விட்டு வெக்கல பாவிங்க.

இன்னா எடுத்திருக்கான்னு கேளு. நாம பேசறது மாதிரி ஒருத்தரும் பேசல. தலையில றெக்கை சொருகிக்கினு இருவது பொண்ணுங்க ஆடுது. நம்ம மலையில எந்தக் காலத்துலடி றெக்கை சொருகினோம்? எங்கம்மா கொண்டையில சீப்பைச் சொருகிட்டுத் தேடுவாங்க, அதோட சரி. புளியமரம் பூத்து நிக்குது, அதே மரத்துல பழம் உலுக்கறாங்க. சாலம்மா வெயில்ல களை எடுத்துட்டு வர்றா, ஒதட்டுச் சாயம் ஒரு பொட்டு கலையல. இதையெல்லாம் நான் பொறுத்துக்கினேன். பக்கத்துல இருந்தவங்களுக்கு வெளக்கம் சொல்லிக்கினே பொறுத்துக்கினேன்.

சாலம்மா பரிச மூட்டையைத் தூக்கற எடம் வந்துது. எனக்கு மயிரு கூச்செறிஞ்சு போச்சு. வழியில மூட்டை ஓட்டையாயி கீழ கொட்டுது. பாத்தா, வெள்ளை வெளேர்னு கடை அரிசி! பரிசத்துக்கு எவன்டி கடை அரிசி குடுப்பான்? சாமை எப்படி இருக்கும்னு கூடத் தெரியாதவனுக்கு அந்தப் புஸ்தகத்தை எவன் குடுத்தான்?

அதையும் விடு. கொட்டின அரிசியை ஒவ்வொண்ணா பொறுக்கிக்கினே பாட்டுப் பாடி, அவ புருஷன் வூட்டுக்குப் போறா. மூட்டையைத் திருப்பிக் குடுக்க இல்ல. அவன் கால்ல வுழறா. அவளை அடிச்ச அதே ஆளு கால்ல. அவன் தூக்கி நிறுத்தறான், கோயில் மணி தானா அடிக்குது, கொட்டாயி பூராவும் கை தட்டுது. அங்கதான் நான் எழுந்துட்டேன். டேய், அவ திரும்பி வாழ வரலடா, புஸ்தகத்துல அவ வரவே இல்லடா, படிச்சியாடா நீன்னு கத்திட்டேன். தெரையில இருக்கறவனுக்குக் காது கேக்குமா? சிங்காரத்துக்குத்தான் கேட்டுது.

வாழப் பிடிக்கலன்னா வந்த பரிசத்தைத் திருப்பி வெச்சி, ஊர்க்கவுண்டர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டு, தலை நிமிந்து வந்துடலாம். நம்ம மலையில யாரும் அவளைக் கேவலமாப் பேச மாட்டாங்க. இதை அந்த டைரக்டருக்கு யாராவது சொல்லியிருந்தா அவனுக்கு அந்தக் கதையே புரிஞ்சிருக்கும். இல்ல, சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருக்காது. அவன் மூஞ்சியை நான் போஸ்டர்ல பாத்தேன்.

இதுவரைக்கும் எழுதினது சினிமாக்காரன் மேல இருக்கற கோவம். இனிமே எழுதறது என் மேல இருக்கற கோவம்.

அந்தக் கொட்டாயிக்கு நான் தனியாப் போவல காவியா. ஜீப் பேசி எல்லாரையும் கூட்டிக்கினு போனேன். ஊர்க்கவுண்டர் சடையன் மாமா, எங்கம்மா, என் தம்பி பூவரசன், இவங்களைத்தான் முக்கியமா இழுத்துக்கினு போனேன். உன் புருஷன் வர மாட்டேன்னுதான் சொன்னான். வாடா, படத்துல உன்னை மாதிரியே ஒரு ஆளு வர்றான், வந்து பாருன்னு நான்தான் உசுப்பிவிட்டேன். உன் கையை முறுக்கினவனுக்கு அந்தக் கடைசி எடத்தைப் பாத்தாலாவது புத்தி வரும்னு நெனைச்சேன். கவுண்டருக்கும் கண்ணு தொறக்கும்னு நெனைச்சேன். புஸ்தகத்தை நம்பிக் கூட்டிக்கினு போனேன். படம் என்னை மோசம் பண்ணிடுச்சு.

வெளிய வந்தப்ப பூவரசன் கண்ணைத் தொடைச்சிக்கினு நிக்கறான். கவுண்டர் மாமா, பாத்தியா குப்பு, பொண்ணுன்னா இப்படித்தான் எறங்கி வரணும், நாமளும் போயி காவியாவை ஒரு வார்த்தை கூப்பிடலாம்ங்கறாரு. எங்கம்மா தலையை ஆட்டறாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தப் பாட்டை என் தம்பி பாடிக்கினே வந்தான். ஜீப்புலருந்து தள்ளிவிட்டிருப்பேன், நடுவுல கவுண்டர் உக்காந்திருந்தாரு.

வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஜீப்புலயே ஓசூருக்கு வர்றாங்க. எவனோ உன் ஆஸ்டலுக்கு வழி காட்டற மேப்பை பூவரசன் போனுக்கு அனுப்பியிருக்கான். படத்துல சாலம்மா கட்டிக்கினு இருந்த அதே மஞ்சப் பொடவை ஒண்ணு உனக்கு வாங்கி வெச்சிருக்கான் உன் புருஷன். ஆஸ்டல் வாசல்ல நாலு பேரு முன்னாடி அழுவான். நல்லாவே அழுவான், சின்ன வயசுலருந்து எனக்குத் தெரியும். என் கோழிக்குஞ்சை மிதிச்சிட்டும் அப்படித்தான் அழுதான். மறுநாள் இன்னொண்ணை மிதிச்சான்.

இதைப் போன்ல சொல்லலாம்தான். டவர் கெடைக்கற பாறையில எப்பவும் பத்துப் பேரு நிக்கறாங்க, அதுல நாலு பேரு உன் மாமியாருக்கு ஒறவு. அதான் லீவு முடிஞ்சு நாளைக்கு வர்ற நதியா கையில இதைக் குடுத்து விடறேன். படிச்சிட்டு மடிச்சி வெச்சிக்கோ.

புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல இருக்கறதைப் பாத்துப் பாத்து எழுதறேன். தப்பு இருந்தா சிரிக்காதே.

"மூட்டையை வாசலில் இறக்கினாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பாறை தாண்டிப் போய்விட்டாள்."

அவ்ளோதான். மணியும் அடிக்கல, பாட்டும் இல்ல. இதை நீ படிச்சி முடிச்சிட்டு, எனக்குக் கேக்காம வாய்க்குள்ள இன்னொரு தடவை படிச்சே. அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கணும்.

உன் மனசுல வரணும்னு இருந்தா வா, உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க. மாடு இருக்குது, நான் இருக்கேன். ஆனா அந்த மஞ்சப் பொடவையைப் பாத்துட்டு வராதே. அந்தப் படத்துல நீ இல்ல.

வேணாம்னா வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு, நான் பாறையிலதான் நிப்பேன். பேச வேணாம், அடிச்சி வெச்சிடு. உங்கப்பனால பரிசத்தைத் திருப்ப முடியாதுன்னு எனக்குத் தெரியும். என் கொல்லையில இந்த வருஷம் சாமை நல்லா வெளைஞ்சிருக்குது. சனிக்கிழமை காலையில கவுண்டர் மாமா பாக்க, உன் பரிசத்துக்கு ஒரு மூட்டையை நானே தலையில வெச்சி, என் கூடப்பொறந்தவன் வாசல்ல எறக்கறேன். நாத்தனாரு எறக்கக் கூடாதுன்னு எந்தக் கவுண்டரும் எங்கயும் சொன்னதில்ல. அதுக்கு மேல ஜீப்புல ஏற கவுண்டருக்கு மொகம் இருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. கையில வெந்நி ஒத்தடம் குடு. எங்க இருந்தாலும் நம்ம மலைச்சாமி உன் கூடவே வரட்டும்.

உன் நாத்தனார்,
குப்பம்மா.

மறந்துட்டேன், ஒண்ணு. சனிக்கிழமைக்குத் தூக்க முடியுமான்னு பாக்க, இன்னிக்கு சாயந்திரம் ஒரு மூட்டையைத் தலையில வெச்சிக்கினு தம்பி வாசல் வரைக்கும் நடந்து பாத்தேன். மூச்சு வாங்குச்சு. அங்க இருந்த துணி தொவைக்கற கல்லு மேல எறக்கினேன். கல்லு மேல பூவரசன் போன் இருந்துது. உன் ஆஸ்டலுக்கு வழி அதுலதான் இருந்துதாம். சாமைக்கு ஒண்ணும் ஆவல.