தண்ணீர்ச் சோதனைத் தாள்

ஆடி 14, செவ்வாய்

கல்வராயன் மலையில் ஒரு ஊரின் குடிநீர் கெட்டிருக்கிறது என்று நான் எழுதிய செய்தியைப் பொய் என்றார்கள் அதிகாரிகள். அப்படியொரு சோதனையே நடக்கவில்லையாம். ஆதாரம் இல்லாவிட்டால் நாளை வருத்தம் தெரிவித்துவிடலாம் என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர்.

சாயங்காலம் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்வி பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டாள். சோதனை முடிவின் நகலை நீட்டினாள். சோதனைக்குத் தண்ணீர் எடுத்தபோது சாட்சியாக அவள் போட்ட கையெழுத்தும் அதில் இருந்தது.

"பேரை மறைச்சிடறேம்மா. வேலை போயிடும்."

"போனா போவுதுங்க. எம்புள்ளையும் அதத்தான் குடிச்சிக்கினு இருந்துச்சி. பேரோட போடுங்க, அப்பதான் நம்புவாங்க."

வருத்தக் குறிப்பை ஆசிரியர் எடுத்துவிட்டார். நாளை அவள் பேரோடு செய்தி வருகிறது. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நன்றி, செல்வி. உன் வேலைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.