இடது பக்கம் உட்காரும் டாக்டர்

பிப்ரவரி 3

வேலை கேட்டுப் போன நான்காவது இடமும் போயிற்று.

மதிப்பெண்களைப் பார்த்ததும் அந்த டாக்டரின் முகம் மலர்ந்தது. "எங்க, ஒருத்தருக்குப் பல் சுத்தம் பண்ணிக் காட்டு" என்றார். நான் வழக்கம்போல நோயாளியின் இடது பக்கம் போனேன். அங்கே எச்சில் துப்பும் தொட்டி நின்றது. கருவித் தட்டும் மெஷின் குழாய்களும் வலது பக்கத்தில். குழாயை அவர் நெஞ்சுக்கு மேலே இழுத்து இடது கையில் பிடித்தேன். படுத்திருந்த பெரியவர், "என்னம்மா, சீட் பெல்ட்டா?" என்று கேட்டார். சிஸ்டர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"நீ லெஃப்டா?" என்றார், ஏதோ ஒட்டுவாரொட்டியைப் பற்றிக் கேட்பதுபோல. "உனக்காக எல்லாத்தையும் திருப்பி வைக்க முடியாதும்மா."

கல்லூரியில் ஒரு மூலையில் ஒரே ஒரு இடது கை நாற்காலி இருந்தது. ஐந்து வருடமும் அது என்னுடையது. உலகம் பூராவும் மூலைக்கு ஒன்று போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். மக்கு.

பிப்ரவரி 4

அம்மாவிடம், "சொல்லி அனுப்புறேன்னாங்க" என்றேன். நம்பாமலே தலையாட்டினாள்.

பிப்ரவரி 11

அக்கா போனில் பேசினாள். "வலது கையிலதானடி எழுதுற? அப்படியே பல்லையும் பார்க்க வேண்டியதுதானே."

ஒன்றாம் வகுப்பு டீச்சர் எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் இடதுதான் — கத்தரி, சாவி, சீப்பு, பல் பிடுங்குவது. இவளுக்கு வாயால் சொல்வது சுலபம். ஆனால் காலையில் கேட்டது இன்னும் மண்டையைக் குடைகிறது.

ஏன் முடியாது?

பிப்ரவரி 15

அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, வலது கையால் அவர் பல்லைச் சுத்தம் செய்தேன். அம்மா டார்ச் பிடித்தாள். அப்பாவின் இரண்டு கையும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. கண்ணில் தண்ணீர்.

"வலிக்குதாப்பா?"

"சேச்சே. பூ மாதிரி இருக்கு."

அம்மா டார்ச்சை அணைத்தாள்.

பிப்ரவரி 24

வேலை கிடைத்துவிட்டது!! மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறை கிளினிக். நடத்துகிறவர் பெண் டாக்டர். எல்லாரும் அவரைப் 'பெரிய டாக்டர்' என்கிறார்கள். நான் வந்துவிட்டதால் இனி அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு என்றார் அங்கே இருந்த சிஸ்டர். பெரிய டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். எந்தக் கை என்று கேட்கவில்லை. அவர் முன்னாலேயே வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.

கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யா? பொய்தான். தெரிந்துதான் செய்கிறேன்.

மார்ச் 5

அரைமணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வலது மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது. பெரிய டாக்டர், "புதுசுல அப்படித்தான்மா இருக்கும், போகப் போக வேகம் வந்துரும்" என்கிறார். திட்டினால்கூடத் தேவலை.

மார்ச் 13

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வந்த அம்மா நீச்சல் பயிற்சியாளர். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் விசில், கணீரென்ற குரல். "எல்லாரும் என்னை வாய மூடத்தான் சொல்வாங்க. தொறக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் டாக்டர்" என்று சிரித்தபடியே படுத்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. சின்ன வேலைதான். மரத்துப்போக ஊசி போட்டு, குடைய ஆரம்பித்தேன். பாதியில் மணிக்கட்டு சோர்ந்தது. ஒரு நொடி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மெஷின் வழுக்கி, கீழுதட்டின் உட்பக்கத்தைக் கிழித்துவிட்டது.

ரத்தம். சிஸ்டர் பஞ்சை நீட்டினார். அதன்பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன், தொட்டிமேல் இடுப்பு இடிக்க நின்றேன், இடது கையில் ஊசியை எடுத்தேன். இரண்டு தையல். கை நடுங்கவே இல்லை. குடைந்த பல்லைத் தற்காலிகமாக அடைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் பெரிய டாக்டர்.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "எனக்கு இடது கைப் பழக்கம். அத மறைச்சு வலது கையில செஞ்சேன். தப்பு என்னோடது. மன்னிச்சுருங்க." பஞ்சைக் கடித்தபடி அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை.

நோயாளிக் குறிப்பிலும் அப்படியே எழுதிவைத்தேன்.

பெரிய டாக்டர் கத்தவில்லை. "கை எதுவா இருந்தா எனக்கென்னம்மா? வாய் இருக்குல்ல, சொல்லியிருக்கணும்ல? வந்தவங்க உதட்டுல வச்சா பழகுவ?" நான் கையுறையைக் கழற்றினேன். "நாளைலேர்ந்து வர வேணாம்."

மார்ச் 14

அப்பா கதவுக்கு வெளியே இரண்டு முறை செருமினார். நான் திறக்கவில்லை.

மார்ச் 16

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் நான். உசுரு போற மாதிரி வலிச்சுது. உன் மனசு நோகக் கூடாதேன்னு பூ மாதிரின்னுட்டேன்."

அய்யோ அப்பா. நீங்களுமா. ஆளாளுக்கு மறைச்சு மறைச்சுக் கடைசில யாரு உதடு கிழிஞ்சுது பாருங்க.

மார்ச் 17

சிஸ்டருக்கு போன் செய்து காயம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறி வருகிறதாம். விசில் ஊத முடியாமல் நீச்சல் குளத்தில் கை தட்டிக்கொண்டிருக்கிறாராம். சிஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20

காலையில் பெரிய டாக்டரே கூப்பிட்டார். "அந்தம்மா வந்து உக்காந்திருக்காங்க. தச்சவங்கதான் தையல் பிரிக்கணுமாம், என்னைக் கிட்டயே விடல. வா." வைத்துவிட்டார்.

ஓடினேன். இரண்டாவது அறையில் பழைய நாற்காலி ஒன்று சாமான்களுக்கு நடுவே கிடக்கும். அதைத் துடைத்து வைத்திருந்தார்கள். தொட்டி தனியாக ஓர் ஓரத்தில். தட்டும் மெஷினும் சக்கரம் வைத்த ஸ்டாண்டில். இடது பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"எந்தக் கை இன்னைக்கு?" என்றார் அந்த அம்மா.

"இதுதாங்க" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்ப சரி. மிச்சம் வச்ச பல்லையும் முடிச்சுருங்க. நான் உங்க மேல பாவப்பட்டு வரலம்மா. தப்பு நடந்தா மழுப்பாம சொல்ற ஆளு கிடைக்கிறது கஷ்டம், அதுக்காக வந்தேன்." வாயைத் திறந்தார்.

இருபத்தைந்து நிமிடம். பெரிய டாக்டர் சுவரில் சாய்ந்தபடி கடைசிவரை பார்த்தார். அந்த அம்மா போன பிறகு, "திங்கள்கிழமைலேர்ந்து இந்த ரூம்ல பாரு" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நன்றி கின்றியெல்லாம் வேணாம். நான் ஒண்ணும் மறந்துரல."

மறக்க வேண்டாம். நானும் மறக்கப் போவதில்லை.

மார்ச் 23

ஐந்து பேர். ஒருவருக்கும் சீட் பெல்ட் இல்லை.

ஏப்ரல் 18

ஒரு பிடிவாதக்காரப் பல். வேர் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. முழுதாக எடுத்தேன். பெரிய டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த நோயாளியிடம் அவர் அதைக் காட்டிப் பேசுவது கேட்டது.

மே 9

அக்கா குழந்தைக்குப் பிறந்தநாள் என்று இரண்டு நாள் லீவு எடுத்திருந்தேன். இன்று போனால் வெளியே ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரமாகக் கையுறை மாட்டி, முதல் ஆளைப் படுக்கவைத்து, மெஷினுக்குக் கையை நீட்டினால் வெறும் காற்று. தட்டு, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் வலது பக்கம் போயிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "யாரு என் ரூம்ல எல்லாத்தையும் மாத்தி வச்சது? கேக்காம கொள்ளாம!" என்று கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

பக்கத்து அறையிலிருந்து பெரிய டாக்டரின் குரல் வந்தது: "நான்தான்மா. நேத்து உன் ரூம்ல ரெண்டு பேரப் பாத்தேன். மன்னிச்சுக்க."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் ஸ்டாண்டை இடது பக்கம் தள்ளிவிட்டு, படுத்திருந்தவரிடம் வாயைத் திறக்கச் சொன்னேன்.