இடது ஓரத்தில் நின்ற அக்காவுக்கு

அக்கா,

நேற்று ஸ்லைடு டப்பாவைத் திறந்தேன். ஈரத் துணியை மடித்து வைத்ததுபோல் ஒரு பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. உன் பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று உன் மகள் செல்வி கேட்டிருந்தாள். அவள் கைப்பேசியில் இருப்பதெல்லாம் கடைசி இரண்டு வருஷத்துப் படங்கள், நோயில் முகம் வீங்கியவை. சின்ன வயசுப் படம் ஏதாவது இருக்கிறதா மாமா என்றாள். இருக்கிறது. பத்தொன்பது இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நைனா மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சிற்பங்களைச் சுற்றிக்காட்டிய காலம் அது. வருஷா வருஷம் வரும் ஒருவர் அவருக்கு ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். எடுத்த ஃபிலிமை அவரே ஊருக்குக் கொண்டுபோய்க் கழுவி, அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகளாகத் தபாலில் அனுப்புவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையும் கடலும் நம் வீடும் தீப்பெட்டி அளவில் தெரியும். ஆள் இருக்கும் படங்களில் எல்லாம் நடுவில் நான், சிவப்பாகப் பிறந்தவன். நீ இருக்கும் பத்தொன்பதிலும் இடது ஓரத்தில்.

"அவ கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். கருப்பு விழுந்தா படமே இருட்டாப் பூடும்" என்பார் நைனா. நீயும் தள்ளி நிற்பாய். புலிக்குகைக்குப் போன அன்று மட்டும், புதுத் தாவணி கட்டிய ஆசையில் என் பக்கத்தில் வந்து நின்றாய். உன் இடுப்பில் கைவைத்துத் தள்ளியவன் நான். எனக்கு ஏழு வயது, உனக்குப் பதின்மூன்று. நைனா சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டே நகர்ந்தாய். அந்தச் சிரிப்போடுதான் படத்தில் விழுந்திருக்கிறாய்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் படத்தைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தாய். செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போன வாரம். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு தடவை போய்வந்துகொண்டிருந்த உடம்போடு படூர் வரைக்கும் பஸ்ஸில் வந்தாய்.

"அந்தப் புலிக்குகை படத்த எடுத்துக் குடுடா தம்பி. நானும் இதே கலர்ல சிரிச்சிகினு நின்னவதான்னு செல்விக்குக் காட்டணும்."

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். இருநூறுக்கு மேல். ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் சட்டத்தின் கருப்பு விளிம்பு வந்திருந்தது, சிலதில் அகலமாக, சிலதில் கோணலாக. ஒவ்வொன்றாக வெட்டினால் இரண்டு நாள் ஆகும். மொத்தத்துக்கும் ஒரே அளவைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே வெட்டிவிடும். எங்கேயும் கருப்பு மிஞ்சக் கூடாதென்று தாராளமாகவே அளவு கொடுத்தேன். வெட்டினால் எப்படியிருக்கும் என்று மாதிரி காட்ட, திரையில் வந்தது புலிக்குகை படம்தான். வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீ நின்றிருந்தாய். பார்த்தேன் அக்கா. கிரிக்கெட் ஆரம்பித்திருந்தது. சரி என்று அழுத்தினேன். இடத்தை அடைக்கிறதென்று வெட்டாத படங்களையும் அழித்துவிட்டேன்.

குடும்பக் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. நைனா என் கைப்பேசியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்றார். உன்னிடமிருந்து மட்டும் பதில் இல்லை. மறுநாள் டயாலிசிஸ் படுக்கையிலிருந்து கூப்பிட்டாய். ஒரு கையில் ஊசி இருக்க, மறு கையால் அவ்வளவு படங்களையும் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறாய்.

"தம்பி, ஒண்ணுலயும் நான் இல்லியேடா."

வெட்டும்போது போய்விட்டது, மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். டப்பா கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. ஒரே ஒரு ஸ்லைடு, ஐந்து நிமிஷ வேலை.

"நீ அன்னிக்கு வரலியேக்கா" என்றேன்.

"வந்தேன்டா. தாவணி கட்டிகினு வந்தேன். நீகூட..." என்று நிறுத்தினாய்.

"நல்லா யோசிச்சிப் பாரு. எதுலயும் நீ இல்ல."

மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில், "அப்ப எனக்குதான் தப்பா ஞாபகம் போல. சரி, உடு" என்றாய்.

ஐந்து வாரத்தில் போய்விட்டாய்.

நேற்று அந்த ஒரு ஸ்லைடை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து, ஓரங்களைக் கையால் வெட்டி, பிரிண்ட் போட்டு வைத்தேன். இன்று காலை செல்வி வந்தாள். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கடைசில ரொம்ப பயந்துகினு இருந்தாங்க மாமா. புத்தி கலங்கிப் பூட்ச்சு, நடக்காதத நடந்ததா நினைச்சிக்கிறேன், நான் சொல்றது எதையும் நம்பாதன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா இதுல கீறாங்கன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

அவள் அழவில்லை. படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காரியத்துக்கு நான் வர வேண்டாம், தாய்மாமன் செய்ய வேண்டியதை வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்கிறேன் என்றாள். காபி ஆறிக் கிடந்தது.

அவள் போன பிறகு நைனா என் அறைக்கு வந்தார். படம் திரையில் அப்படியே இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, அந்த ஓரத்தை வெட்டவில்லையா என்றார். அது அக்கா என்றேன்.

"தெரியுது. அதான் சொல்றேன்" என்றார்.

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. அவர் தள்ளி நிற்கச் சொன்னதோடு விட்டார். அங்கே வரவே இல்லை என்று உன்னையே நம்பவைத்தவன் நான்.

நீ அவ்வளவு சீக்கிரம் என்னை நம்பியதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் அக்கா. பொய் சொல்கிறாயடா என்று அன்று நீ கத்தியிருந்தால், எழுந்துபோய் அலமாரியைத் திறந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியும் திறந்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.