மஞ்சள் வயலில் மஞ்சள் விமானம்

ஏப்ரல் 9, செவ்வாய்

தபால் நிலையத்தில் நெரிடா என்னைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். “கோரலி, லின்சி பேருக்கு ஒரு பெட்டி வந்திருக்கு. திருப்பி அனுப்பிடட்டுமா?”

என் தம்பி போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் பெயருக்கு இன்னும் சாமான் வருகிறது. “குடு, நானே எடுத்துட்டுப் போறேன்” என்றேன். சவப்பெட்டி மாதிரி நீளம். காருக்குள் அடங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான். நான் இஸ்திரிப் பலகையில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12

இன்றும் இஸ்திரிப் பலகைதான். உயரம் வசதியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். விமானம். வேறு என்னவாக இருக்கும்? ஐஸ் பெட்டி செய்கிற வெள்ளை நுரையில் செய்து, மஞ்சள் அடித்திருக்கிறார்கள். இறக்கை இரண்டு, வால், பேட்டரி, ஒரு பை நிறைய திருகாணி.

சீட்டில் ஆர்டர் கொடுத்த தேதி ஜனவரியில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து, “இனி ஒண்ணுகூட வாங்க மாட்டேன் கோரலி, சத்தியம்” என்றான். கொட்டகையில் ஏற்கெனவே ஆறு தொங்குகிறது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை அந்தச் சத்தியம். கள்ளப் பயல்! நன்றாகத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும்தான் கவனித்தேன், பிப்ரவரிக்குப் பிறகு அவனோடு இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

விமான கிளப் தலைவர் பசில் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் பக்கத்துப் பண்ணை ஆடு திரும்பிப் பார்க்கும். அவர் இன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

“நாங்க எல்லாரும் பேசினோம் கோரலி. அந்தப் புது விமானத்தை நீங்க குடுத்தீங்கன்னா, கிளப் அறைச் சுவர்ல மாட்டி வைக்கலாம். கீழே பித்தளைத் தகடு. லின்சி பேரு போட்டு.”

நல்ல மனிதர்கள். நன்றி சொல்லி, கேக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் கார் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரிலா? நான் சமையல் வேலை பார்க்கிற பப்பில் அடுப்புக்கு மேலே ஒரு பாடம் பண்ணின மீன் மாட்டியிருக்கிறார்கள். இருபது வருஷமாக அதன் கீழே சமைக்கிறேன், அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். லின்சி வாங்கினது பறக்க விடுவதற்கு. ஒரு தடவைகூடப் பறக்காததை ஆணியில் மாட்டுவதா?

போன் பண்ணினேன். “பசில், மாட்ட வேண்டாம். பறக்க விடணும்.”

“சரி சரி. யாரு விடப்போறா?”

“நான்.”

“எதை?”

“விமானத்தை, பசில்.”



மே 5, ஞாயிறு

கிளப்பில் கற்றுக்கொடுப்பது டகி. லாரி மெக்கானிக், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தள்ளி வைத்தேன். பதினாலு வயதில் முட்டைக் கொட்டகை வேலைக்குப் போனவள் நான், பொடி எழுத்து ஓடாது. டகி, “படத்தை மட்டும் பாருங்க. நானும் அப்படித்தான்” என்றான்.

முதலில் மூக்கில் இருந்த விசிறியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். “பேட்டரி போட்டு சோதிக்கிறப்போ இது மாட்டியிருக்கக் கூடாது. விசிறின்னு பேரு, வேலையெல்லாம் கத்தி வேலை.”

இரண்டு இறக்கைக்கும் நடுவே கறுப்புக் குழாயைச் செருகினேன். வாலைத் திருகினேன். மெல்லிய கம்பிகளை இறக்கை மடலில் கோத்தேன். கையில் பிடித்து ஓட்டுகிற கருவியில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கை மடல் எழும்ப வேண்டும். எழும்பியது. பேட்டரியை இரும்புப் பெட்டியில் வைத்து, வெளியே சிமெண்ட் தரையில்தான் சார்ஜ் போட வேண்டுமாம். அதை விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாதாம், தீப்பிடித்தால் அணையாதாம். வறுவல் எண்ணெய் அடுப்பில் இருக்கிற மாதிரி. அது எனக்குத் தெரிந்த விஷயம்.

கடைசியாக இறக்கைக்குக் கீழே குறியிட்ட இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கச் சொன்னான். மூக்கு ஒரு துளி தாழ்ந்து அப்படியே நின்றது. மூச்சு விடாமல் நின்றேன். விரல் நுனியில் ஒரு விமானம்!

விசிறியைக் கடைசியில் நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 19, ஞாயிறு

பறக்கவில்லை.

கிளப் திடலில் சத்தம் மட்டும் காதைக் கிழித்தது. ஓடுபாதை முழுக்க ஓடி, புல்லுக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் முறையும் அதேதான். பசில் காற்று என்றார். டகி பேட்டரி என்றான். நான் குனிந்து பார்த்தேன். விசிறியில் எழுத்து இருக்கிற பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். நான் பின்னால் பார்க்க மாட்டியிருக்கிறேன்.

“முன்பக்கத்தைப் பின்னால திருப்பி மாட்டிட்டேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. “யாருக்கும் நடக்கிறதுதான்” என்றான் டகி, உதட்டைக் கடித்துக்கொண்டு. பசில் கழிப்பறைக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கேயிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது கண் ஈரம்.

இதை லின்சி செய்திருந்தால் செத்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்— என்ன எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும். ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். என் முன்னால் ஏன் சிரிக்கவில்லை? நான் என்ன கண்ணாடி டம்ளரா?

ஜூன் 2, ஞாயிறு

பறந்தது! பறந்தது! எழுதக் கை வரவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 3

என் கையில் ஒரு கருவி, டகி கையில் ஒரு கருவி. நான் தப்புப் பண்ணினால் அவன் ஒரு விசையைத் தட்டி விமானத்தை வாங்கிக்கொள்வான். நேற்று முக்கால்வாசி நேரம் அவன் வாங்கிக்கொண்டுதான் இருந்தான். விமானம் போகும்போது ஒன்றுமில்லை. நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடுகிறது. டகி சொன்னான், “எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. சாயற வேலிக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி.” வேலி என்றதும் புரிந்துவிட்டது.

இன்று பப்பில் தட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம் சாய்ந்து சாய்ந்து திரும்பினேன். முதலாளி முதுகுவலியா என்று கேட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

துணையில்லாமல் தனியாக விட வேண்டுமானால் கிளப்பில் ஒரு சோதனை உண்டு. சுற்றி வர வேண்டும், எட்டுப் போட வேண்டும், இறக்க வேண்டும். காற்றில் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே தரைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் மூன்றும் ஓரளவு வந்துவிட்டது. நாலாவதை எப்போது சொல்லிக்கொடுப்பாய் என்று டகியைக் கேட்டேன்.

“அது அப்புறம் பாத்துக்கலாம்.”

போன வாரமும் இதையே சொன்னான். அந்த நாலாவது இல்லாமல் தனியாக விட மாட்டார்கள். நான் துணையோடேயே இருந்து, ஒரு நாள் சலித்து விட்டுவிட்டால், விமானம் சுவருக்குப் போகும். பசில் பித்தளைத் தகட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். நெரிடா சொன்னாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்கு என் தலை போயிருக்கும்.

திடலில் எதைச் செய்தாலும் கத்த வேண்டும், அதுதான் விதி. “ஏறுது!” “இறங்குது!” “பாதையில ஆளு!” இன்னொன்றும் உண்டு. காற்றில் மோட்டார் நின்றுபோனால், “செத்துருச்சு!” அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் போட்டதைப் போட்டபடி ஒதுங்க வேண்டும். நின்றுபோன விமானம் சத்தமே இல்லாமல் வரும், அதனால். லின்சி வீட்டிலேயே டார்ச் அணைந்தால்கூட “செத்துருச்சு!” என்று கத்துவான். நான் திடலுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த ஒரு கத்தலை மட்டும் கேட்டதில்லை. இங்கே மோட்டாரே நிற்காது போல என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

என் விமானத்தை எடுக்கப் பாதைக்குள் போயிருந்தேன். குனிந்திருக்கிறேன். பின்னால் பசிலின் குரல், ஆஸ்பத்திரிக் குரல்: “கோரலி... வந்து... என்னோடது கொஞ்சம்... ஓய்வெடுக்குது...”

ஓய்வெடுக்குதா? யாரு? நிமிர்ந்தேன். காதோரம் புஸ் என்று காற்று. என் கம்பளித் தொப்பி பறந்தது. ஒன்றரை மீட்டர் இறக்கை, மூட்டை மாதிரி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

பசில் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. ஓடி வந்தார். எனக்கு வந்ததே கோபம்!

“செத்துருச்சுன்னு கத்த மாட்டீங்களா?”

“உங்ககிட்ட போய் எப்படி அந்த வார்த்தைய...”

“அதனாலதான் டகி நாலாவதைச் சொல்லிக் குடுக்கலையா?”

டகி ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் தம்பி ஓய்வெடுக்கல பசில். செத்துட்டான். லாரிய விட்டு இறங்கி, சக்கரத்துல சாஞ்சு உக்காந்தான், செத்துட்டான். அஞ்சு மாசமா ஊர்ல ஒருத்தரும் அதைச் சொல்லல. போயிட்டான், பிரிஞ்சிட்டான், இழந்துட்டோம்— தொலைஞ்சுபோன ஆட்டுக்குட்டியா அவன்? நீங்க மரியாதை குடுக்கிறேன்னு என்னையும் அனுப்பி வைக்கப் பாத்தீங்களே!”

டகி தொப்பியை எடுத்து வந்து தூசி தட்டிக் கொடுத்தான். “பசிலு இருபது வருஷமா இந்தப் பாதையில நேரா இறக்கினதே இல்ல. இன்னைக்குத்தான் குறி தப்பாம வந்திருக்கு.”

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் எல்லோரையும் வேலியோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் கத்தச் சொன்னேன். பசில் மூன்றாம் தடவையில்தான் பழைய குரலுக்கு வந்தார். பக்கத்துப் பண்ணையில் ஆடுகள் மொத்தமும் மூலைக்கு ஓடின.

ஜூலை 15

வீட்டில் தனியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். லின்சி செத்துவிட்டான். சத்தமாக. பிறகு அழுதேன், கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரம். பிறகு நல்ல பசி. இரண்டு முட்டை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாலாவது ஆரம்பமாகிவிட்டது. டகி சொல்லாமல் கொள்ளாமல் மோட்டாரை நிறுத்துவான். “பேட்டரி குறைஞ்சா மோட்டார் மட்டும்தான் நிக்கும், சுக்கானுக்கும் மடலுக்கும் மிச்சம் வச்சிருக்கும், பயப்படாத. மூக்கைத் தூக்காத கோரலி! மேலயே பிடிச்சு வச்சுக்கணும்னு தோணும். பிடிச்சா வேகம் போயி கல்லு மாதிரி விழும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்து, அது போக்குல இறங்க விடு.”

இரண்டு முறை கல் மாதிரி விழுந்தது. மூக்கில் பசை, வாலில் டேப். பசில் கேட்டார், “விமானம் பறக்க விடறியா, உருளைக்கிழங்கு நடறியா?”

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மழை. பசை காய்கிறது. எண்ணெய்க்கு விதைக்கிற கனோலா பூக்க ஆரம்பித்துவிட்டது, கடுகுப் பூ மாதிரி, திடலைச் சுற்றி மூன்று பக்கமும் மஞ்சள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சோதனை. நடத்தியது பசில். டகியின் கருவி மூடிய பெட்டிக்குள். காற்று இல்லை. எனக்கு உள்ளங்கை வழுக்கியது, கால்சட்டையில் துடைத்துத் துடைத்து ஈரமாகிவிட்டது.

“ஏறுது!” சுற்று முடிந்தது. எட்டு கொஞ்சம் கோணல், ஆனால் எட்டுதான். இறக்கமும் சரி, மறுபடி ஏற்றினேன். நாலாவதுக்காக உயரத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், வயல் பக்கம். பசில் நிறுத்து என்று சொல்வதற்கு முன்பே சத்தம் நின்றுபோனது. அதுவாக. போன வாரம் பறக்கவிட்ட பிறகு பேட்டரியை மறுபடி முழுக்க ஏற்ற மறந்திருக்கிறேன்.

“செத்துருச்சு!”

என் தொண்டையிலிருந்தா அது வந்தது? பாதையில் இருந்த இரண்டு பேரும் சிதறி ஓடினார்கள். மூக்கைத் தாழ்த்தினேன். திருப்பினேன். பாதை எட்டாது என்று தெரிந்துவிட்டது. ஆட்கள் நிற்கிற பக்கம் இழுத்தால் எட்டலாம். இழுக்கவில்லை. நேராக, மெதுவாக, கனோலாவுக்குள் இறக்கினேன். சறுக்கிக்கொண்டு போனது. பூ ஒரு கோடு அசைந்தது. அவ்வளவுதான், காணோம்.

மஞ்சள் வயலில் மஞ்சள் விமானம்.

இடுப்பளவு பூவுக்குள் வரிசை பிடித்து நுழைந்தோம், பயிர் மிதிபடாமல் ஓரடி ஓரடியாக. தேனீ வேறு. டகி முணுமுணுத்தான். “உலகத்துல இருக்கிற நிறத்துல எல்லாம், கனோலா ஊருல இருந்துக்கிட்டு எவன்டா மஞ்சளை வாங்குவான்?”

“லின்சிதான்” என்றார் பசில். “பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு முயல் வேட்டைக்குப் போயி, கூட்டாளி கண்ணுக்கே தெரியாம சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தவன்தானே.”

ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். என் பக்கம் திரும்பினார்கள்.

“அந்த மடையன்” என்றேன், “வீட்டுக் கதவுக்கும் சுவருக்கும் ஒரே நிறம் அடிச்சிட்டு, ராத்திரி பிடியைத் தடவிக்கிட்டு நின்னவன்!”

அவ்வளவுதான், கனோலாவுக்குள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு நான் கருவியின் குச்சியை இப்படியும் அப்படியும் அசைத்தேன். எல்லோரையும் மூச்சை அடக்கச் சொன்னேன். இடப்பக்கத்தில் எங்கேயோ, வண்டு மாதிரி, க்ரிக் க்ரிக் என்று மடல் அசைகிற சத்தம். முழுசாக இருந்தது, மூக்கு நிறைய பூ.

பசில் நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். “வயல்ல இறக்கக் கூடாதுன்னு விதி இல்ல. ஆளு மேல இறக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. பாஸ். ஆனா பேட்டரி ஏத்தாம வந்ததுக்கு, அடுத்த வாரம் மொத்த கிளப்புக்கும் நீதான் சமையல்.”

செப்டம்பர் 10

இறக்கைக்கு அடியில் அகலமாகச் சிவப்பு டேப் ஒட்டினேன். கோரமாக இருக்கிறது. நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் தனியாக இரண்டு முறை விட்டேன். இரண்டும் பாதையிலேயே இறங்கின. மேல்காற்று பலமாக இருந்ததால் மூன்றாவது விடவில்லை. பேட்டரியை முழுக்க ஏற்றியிருந்தேன்.

மத்தியானம் ரொட்டியில் சாசேஜ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டகியின் மோட்டார் உயரத்தில் நின்றது. “செத்துருச்சு!” என்று பண்ணை அதிரக் கத்தினான். எல்லோரும் ஒதுங்கினோம், நானும் தட்டோடு ஒதுங்கினேன். எல்லோர் கண்ணும் விமானத்தின் மேலேயே இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டு என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.