ஒரு நிமிடத்தில் போய்விடும் யூரோ

பெப்ரவரி 10, செவ்வாய்

மதியம் பாரிஸில் இருக்கும் அண்ணாவோடு பேசியதிலிருந்து மனம் ஆறவில்லை.

இங்கே கனடாவில் என்னோடு இருக்கும் அம்மாவுக்குக் காதுக் கருவி வாங்க வேண்டும். உதவி கேட்கும்போதெல்லாம், வங்கியால் அனுப்பினால் நாட்கணக்காகிறது, கட்டணமும் வெட்டுகிறார்கள் என்பார் அண்ணா. என் கணவர் சந்தேகப்பட்டபோதெல்லாம் அண்ணாவுக்காக வாதாடியவள் நான்.

நேற்று வேலையிடத்துத் தோழி ஒருத்தி யூரோ ஸ்டேபிள்கொயின் என்ற டிஜிட்டல் பணத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு கொயின் எப்போதும் ஒரு யூரோதானாம். ஐரோப்பாவில் அதற்குச் சட்டமும் இருக்கிறதாம். போனிலேயே அனுப்பலாம். அண்ணாவின் கஷ்டம் தீர்ந்தது என்று சந்தோஷமாகத்தான் அழைத்தேன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சிரித்தார்.

"உது எனக்குத் தெரியாதே? மிசிசாகாவில இருக்கிற மாமிக்கு ரெண்டு வருசமா உதிலதானே அனுப்பிறன். ஒரு நிமிசத்தில போயிடும்."

மாமி என்றால் அண்ணியின் அம்மா. அவர் வீடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

தான் சொன்னது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வேலைக்கு நேரமாச்சு, வைக்கிறன்" என்றார்.

தர விருப்பமில்லை என்று முதலில் கேட்டபோதே சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மா, "கொண்ணன் என்னவாம்?" என்று கேட்டார்.

"உங்களைச் சுகம் கேட்டவர்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. அந்தப் பொய்யை இன்னும் இரண்டு தரம் கத்திச் சொன்னேன். மூன்றாந்தரம்தான் அம்மாவின் முகம் மலர்ந்தது.