உங்கள் நாற்காலி

என்னங்க,

பொதுப்பள்ளி பற்றி நீங்கள் அங்கே பேசியதைச் செய்தித்தாளில் படித்தேன். எல்லா வீட்டுக் குழந்தைகளும் ஒரே பெஞ்சில் உட்காரப் பழகுவதுதான் பள்ளியின் நோக்கம், பாடமெல்லாம் அதற்கு ஒரு சாக்கு என்ற இடத்தில் பலத்த கைதட்டலாம்.

அன்றே உங்கள் கடிதமும் வந்தது. 'யாரைக் கேட்டு அரசுப் பள்ளியில் சேர்த்தாய்? நான் திரும்புவதற்குள் மகளைப் பழைய பள்ளிக்கே மாற்றிவிடு. கொள்கை வேறு, குழந்தை வேறு.'

பொதுப்பள்ளி பற்றி நீங்கள் எழுதிய புத்தகத்தைக் கேட்டுத்தான் சேர்த்தேன்.

முதல் வாரமே அவள் தலையில் பேன் வந்துவிட்டது. பேன்களும் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருக்கின்றன.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் நம் டிரைவரின் மகள். நேற்று வீட்டுப்பாடம் எழுத வந்தவள், நேராகப் போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நம்மவள் விடவில்லை. "ஏய், எந்திரி. பெஞ்சுல என் முழங்கைய இடிச்சுக்கிட்டே இருப்ப, இங்க மட்டும் என்ன மரியாத?" என்று இழுத்துவந்து உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மகளைக் கூட்டிப்போக வந்த டிரைவர் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயா பேச்ச எத்தனையோ மேடையில கேட்டிருக்கேம்மா. அது ஊருக்குச் சொல்றதுன்னு நெனச்சேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாளையும் அவள் வருவாள். மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள்தான் இருக்கின்றன. நான்காவதை வாங்கட்டுமா என்று எழுதுங்கள். அவளை எழுப்பத்தான் வேண்டுமென்றால், நீங்களே வந்து, நம் மகளின் கண்ணெதிரே எழுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா