சம்மணம் போட்ட நெசவாளி

4-6-1978, ஞாயிறு
இன்றும் அதே ஐந்து படங்கள். இருநூறு வருடங்களுக்கு முன் லண்டன் கடைகளில் தொங்கவிட்டு விற்ற கேலிப் படங்கள். அங்கிருந்து புகைப்படமாக வந்தவை. தென்னாட்டு நெசவாளி தறியில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான், பக்கத்தில் பாம்பு. இந்தப் பக்கமே வராத ஜனங்கள் இதைப் பார்த்துத்தான் நம்மைச் சோம்பேறி என்று முடிவு கட்டினார்கள். என் ஆய்வே இதுதான். வாரமெல்லாம் திருத்தணிப் பள்ளியில் சரித்திரப் பாடம், ஞாயிறானால் இந்தப் பாம்பு.

17-6-1978
சென்னையில் பேராசிரியர் சடகோபன் வறுத்தெடுத்துவிட்டார். "அஞ்சு பேர் ஒண்ணையே வரைஞ்சிருக்கான். அஞ்சு சாட்சியும் பொய்யாம்மா? நீங்க நெசவுக் குடும்பம், ரோஷம் வருது." ஆகஸ்டில் ஆய்வுக் குழு கூடும், அதற்குள் பதில் இல்லையென்றால் என் டாக்டர் பட்டப் பதிவு ரத்து. அரக்கோணம் வரை நின்றுகொண்டே வந்தேன். ரோஷம் வந்தா இன்னா தப்பு? நாலு வருஷ உழைப்பு!

18-6-1978
ஒரு வரிகூட ஓடவில்லை.

25-6-1978
ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீடு. கமலா அண்ணி தறியிலிருந்து எழுந்து வந்து, நான் கொண்டுபோன படங்களில் ஒன்றை எடுத்தாள்.

"இன்னா பத்மா, சம்மணம் போட்டுகினு நெய்யறான்? மிதிக்கறது யாரு, அவன் மாமியாளா?"

"எதைச் சொல்றீங்க அண்ணி?"

"கண்ணு இருக்குதா உனக்கு? தறிக்குழியே இல்ல பாரு."

ஐந்தையும் தரையில் பரப்பினேன். ஐந்திலும் குழி இல்லை, ஐந்திலும் சம்மணம்! குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தால்தானே பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும்? பத்து வயதில் மிதித்தவள் நான். பாம்பையே பார்த்துக்கொண்டிருந்து காலைக் கோட்டை விட்டேனே, வெட்கக்கேடு.

ஒருவன் தறியைப் பார்க்காமல் வரைந்தான். மற்ற நால்வர் அவன் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். ஐந்து சாட்சி இல்லை — ஒரே சாட்சி, அதுவும் பொய்ச்சாட்சி! அண்ணியைக் கட்டிக்கொண்டேன். "உடு, பாவுக் கஞ்சி ஒட்டிக்கும்" என்றாள்.

9-8-1978
சென்னையில் குழு கூடியது. ஆடிக் காவடிக் கூட்டத்தில் இடிபட்டு ரயிலைப் பிடித்தேன்.

"குழி உண்டுன்னு எதுல இருக்கு?" என்றார் சடகோபன்.

"அந்தக் காலத்துக் கும்பெனிக் கடிதத்துல இருக்குங்க, நகல் கொண்டாந்திருக்கேன். அது போதலைன்னா திருத்தணியிலேர்ந்து ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் இருக்கு."

முதலில் சிரித்தது அவர்தான். ஒப்புதலில் முதல் கையெழுத்தும் அவருடையதே. ஜெயித்துவிட்டேன்! திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நேரே மலையேறி, மூச்சு வாங்க முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

11-3-1979, ஞாயிறு
டாக்டர் பத்மா. நானே எழுதிப் பார்த்துக்கொண்டேன். நன்றியுரையில் முதல் பெயர் கமலா. அண்ணிக்குப் புத்தகம் வேண்டாமாம், படம்தான் வேண்டுமாம். சட்டம் போட்டுத் தறிக்கு எதிரே மாட்டியிருக்கிறாள். தெருவே வந்து பார்த்துச் சிரிக்கிறது. அடுத்த வீட்டு எல்லப்பன் அதே மாதிரி சம்மணம் போட்டு மிதித்துக் காட்டப் போய், குப்புற விழுந்தார்.